ஒரே பைக்குள் நான்கு காகிதங்கள்

பெப்ரவரி மாதத்துக் காலை. ஸ்காபரோவில் ஒரு சமூகச் சட்ட உதவி நிலையம். தமிழ்க் கடையொன்றின் பொலித்தீன் பையை மடியில் வைத்தபடி ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். மொழிபெயர்ப்புக்காக நான் போயிருந்தேன். பையில் என்ன இருக்கிறது என்று சட்டத்தரணி கேட்டதும் எல்லாவற்றையும் மேசையில் கொட்டினார். மின்சாரப் பில், பிள்ளையின் பள்ளிக்கூட அறிவித்தல், உடைக்காத கடித உறைகள். அவற்றுக்குள்ளிருந்து நான்கு காகிதங்களைச் சட்டத்தரணி தனியே எடுத்து வைத்தார்.

முதலாவது, வீட்டுக்காரர் கையில் கொடுத்த ‘என் 12’ அறிவித்தல். தன் மகன் குடிவரப் போகிறான், 60 நாளில் பேஸ்மன்டை விட வேண்டும். இரண்டாவது, வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி கொடுத்த ‘ஆர்.ஓ.ஈ.’. எத்தனை மணிநேரம் வேலை செய்தார், ஏன் நின்றார் என்று சொல்லும் பத்திரம் அது. ஏன் நின்றார் என்ற கட்டத்தில் ‘தானாக விலகினார்’ என்பதற்கான எழுத்து இருந்தது. மூன்றாவது, சிநேகிதி ஒருத்தி அச்செடுத்துக் கொடுத்த வெல்ஃபெயர் விண்ணப்பம், பாதி நிரப்பியபடி. நான்காவது, குடிவரவுத் திணைக்களத்திலிருந்து. யாழ்ப்பாணத்திலிருக்கும் கணவரை அழைக்கப் போட்ட ஸ்பொன்சருக்கு மேலதிக ஆவணங்கள் கேட்டிருந்தார்கள்.

“தங்கச்சி, முதல்ல எதைப் பற்றிக் கதைக்கப் போறியள்?” என்று கேட்டேன்.

“எது முதல் எண்டு தெரிஞ்சா நான் ஏன் அண்ணை இஞ்ச வாறன்?”

அடையாளம் தெரியாதபடி அவருடைய விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். அந்தக் கேள்வியை மாற்றவில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதெல்லாம் அதற்குள் இருக்கிறது.

நான்கு காகிதங்களையும் நான்கு கந்தோர்களுக்குக் கொண்டு போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? வாடகை கட்டக் காசில்லையா, வெல்ஃபெயருக்குப் போடுங்கள் என்று வீட்டு அலுவல் பார்ப்பவர் சொல்லியிருப்பார். அது சரியான பதில்தான். ஆனால் கனடாவின் குடிவரவு விதிப்படி, மாற்றுத்திறன் காரணமாக அல்லாமல் வேறு காரணத்துக்காகச் சமூக உதவிப் பணம் பெறுகிறவர் கணவனையோ மனைவியையோ ஸ்பொன்சர் செய்ய முடியாது. அந்த விண்ணப்பத்தில் அவர் கையெழுத்திட்டுக் காசும் வரத் தொடங்கியிருந்தால், மூன்று ஆண்டுகளாகக் காத்திருந்த கணவரின் கோப்பு அத்துடன் முடிந்திருக்கும். ஸ்பொன்சரைக் காப்பாற்ற வெல்ஃபெயர் பக்கமே போகாதீர்கள் என்று குடிவரவு ஆலோசகர் சொல்லியிருப்பார். அதுவும் சரியான பதில். ஆனால் அடுத்த மாத வாடகைக்கு அவர் எங்கே போவது? ஒவ்வொரு கந்தோரும் சரியாகத்தான் சொல்லும். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்தால் ஒரு குடும்பம் நடுத்தெருவில் நிற்கும்.

சட்டத்தரணி முதலில் கேட்ட கேள்வி எனக்கே விளங்கவில்லை. “குசினி தனியா?”

அந்தப் பெண் திகைத்துப் போனார். வீடு போகப் போகிறது, குசினியைப் பற்றி என்ன விசாரணை? ஆனால் ஒன்ராறியோவின் குடியிருப்பு வாடகைச் சட்டம் 2006 அந்தக் குசினி வாசலில்தான் தொடங்குகிறது. வீட்டு உரிமையாளரோடு குசினியையோ குளியலறையையோ பகிர்ந்துகொள்ளும் வாடகையாளருக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. தனிக் குசினி, தனிக் குளியலறை என்றால் உண்டு. பேஸ்மன்ட் மாநகரசபையில் பதியாததாக இருந்தாலும் உண்டு. எங்கள் ஆட்களில் எத்தனை பேர் ‘இது சட்டப்படியான பேஸ்மன்ட் இல்லை, நாங்கள் வாய் திறக்க ஏலாது’ என்று நினைத்துக்கொண்டு இருக்கிறார்கள்! இவருக்குக் குசினி தனி.

அப்படியென்றால் அந்த என் 12 ஒரு அறிவித்தல் மட்டுமே. 60 நாள் முடிந்ததும் வெளியே போயே ஆகவேண்டும் என்று அது கட்டளையிடவில்லை. வீட்டுக்காரர்-வாடகையாளர் சபையிடம் வீட்டுக்காரர் மனுப் போட்டு, விசாரணை நடந்து, சபை உத்தரவிட்டால்தான் வெளியேற்றம். அந்த உத்தரவையும் ஷெரிஃப் மட்டுமே நிறைவேற்றலாம். வீட்டுக்காரர் பூட்டை மாற்ற முடியாது. ஒரு மாத வாடகையை இழப்பீடாகக் கொடுக்கவேண்டும். வரப்போவதாகச் சொல்லும் மகனுக்குக் குறைந்தது ஓராண்டு அங்கே குடியிருக்கும் எண்ணம் உண்மையாக இருக்கவேண்டும். இதில் ஒன்றைக்கூட அந்தப் பெண் அறிந்திருக்கவில்லை. அறிவித்தல் வந்த அன்றே சாமான் கட்டத் தொடங்கிவிட்டார்.

அடுத்துச் சட்டத்தரணி ஆர்.ஓ.ஈ.யைக் கையில் எடுத்தார். ஏன் வேலையை விட்டீர்கள்? விடவில்லை. உணவு பொதி செய்யும் தொழிற்சாலையில் கிழமைக்கு 50 மணி, 52 மணி வேலை. 44 மணிக்கு மேலே ஒன்றரை மடங்குச் சம்பளம் தரவேண்டுமே என்று ஒருநாள் கேட்டார். அடுத்த கிழமையிலிருந்து ஏஜென்சியின் வேன் அவரை ஏற்ற வரவில்லை. தொலைபேசி எடுத்தால் ‘இப்ப வேலை இல்லை, சொல்லுறம்’ என்றார்கள். பிறகு தபாலில் வந்ததுதான் ‘தானாக விலகினார்’.

நான்கு முடிச்சுகளையும் அவிழ்க்கும் நுனி இதுதான் என்று அந்தச் சட்டத்தரணி கண்டுகொண்டார். நியாயமான காரணமின்றித் தானாக விலகியவருக்கு வேலையிழப்புக் காப்புறுதிப் பணம், நாங்கள் ஈ.ஐ. என்று சொல்வது, கிடைக்காது. வேலை நிறுத்தப்பட்டவருக்குக் கிடைக்கும். வேலை செய்த காலத்தில் சம்பளத்தில் பிடித்துக் கட்டிய காப்புறுதி அது. ஆகவே ஸ்பொன்சர் விதி அதைச் சமூக உதவியாகக் கணக்கெடுப்பதில்லை. பத்திரத்திலிருக்கும் அந்த ஒரு எழுத்து பொய் என்று காட்டிவிட்டால் ஈ.ஐ. வரும். ஈ.ஐ. வந்தால் வாடகை கட்டலாம், வெல்ஃபெயர் வேண்டாம், கணவரின் கோப்பு தப்பும். வேலைச் சட்டம் தெரிந்தவருக்கு ஸ்பொன்சர் இருப்பது தெரிந்திருக்காது. ஸ்பொன்சர் பார்ப்பவர் ஆர்.ஓ.ஈ.யைத் திறந்தே பார்த்திருக்கமாட்டார். ஒரே மேசையில் நான்கும் கிடந்தபடியால்தான் அது கண்ணில் பட்டது.

முடிவையும் சொல்லிவிடுகிறேன். ஏஜென்சி அனுப்பிய குறுஞ்செய்திகளை வைத்து ஈ.ஐ. வாங்கினார்கள். மேலதிக நேரச் சம்பளத்துக்குத் தொழில் அமைச்சில் முறைப்பாடு போனது. சம்பள பாக்கிக்கு ஏஜென்சியும், அது ஆள் அனுப்பிய தொழிற்சாலையும் சேர்ந்தே பொறுப்பு என்று ஒன்ராறியோவின் சட்டம் சொல்வதால் ஒரு பகுதி கைக்கு வந்தது. முழுதும் வரவில்லை. வீட்டுக்காரர் சபைக்கு மனுப் போடவேயில்லை. அடுத்த ஆண்டு கணவர் வந்து சேர்ந்தார்.

இப்படி ஒரு மேசை தானாக வந்துவிடவில்லை. ஒன்ராறியோவில் சட்ட உதவித் திட்டம் 1967இல் நடைமுறைக்கு வந்தபோது, ஏழைக்கு ஒரு சான்றிதழ் கொடுத்துத் தனியார் சட்டத்தரணியிடம் அனுப்புவதுதான் முறை. குற்ற வழக்குக்கும் குடும்ப வழக்குக்கும் அது உதவியது. வாடகை, வெல்ஃபெயர், சம்பள பாக்கி என்று வருகிறவர்களுக்கு உதவவில்லை. அவை தனியார் சட்டத்தரணிக்குக் காசு தரும் வழக்குகளும் அல்ல, அவர் படித்த சட்டமும் அல்ல. 1971இல் ஒஸ்குட் ஹோல் சட்டப் பள்ளியின் பேராசிரியர் ஃபிரெட் சீமன்ஸும் மாணவர்களும் ரொறன்ரோ மேற்கில், அறை வாடகைக்காரரும் புதிதாக வந்தவரும் நிறைந்த பார்க்டேல் பகுதியில், தெருவோரக் கடையொன்றில் ஒரு நிலையத்தைத் திறந்தார்கள். நகர மையத்தின் உயர்மாடிக் கட்டடத்துக்கு ஏழை போகமாட்டார், ஆகவே சட்டத்தரணி ஏழையின் தெருவுக்கு வரட்டும் என்பது அவர்களுடைய எண்ணம். இன்று மாகாணம் முழுவதும் 70க்கு மேற்பட்ட சமூகச் சட்ட நிலையங்கள் இருக்கின்றன. காசு பெரும்பாலும் ஒன்ராறியோ சட்ட உதவி அமைப்பிடமிருந்து வருகிறது. ஆனால் நிலையத்தை நடத்தும் சபையை அந்தந்தப் பகுதி மக்களே தெரிவு செய்கிறார்கள். எந்தச் சட்டத்தில் கூடுதல் கவனம் வைப்பது என்பதைத் தெருவே தீர்மானிக்கலாம். இதைவிடப் பெரிய ஜனநாயக ஏற்பாடு எதையும் இந்த மாகாணத்தில் நான் கண்டதில்லை.

பார்க்டேல் தெருக்களில் 2017ஆம் ஆண்டு மே முதல் நாளிலிருந்து சுமார் 300 குடியிருப்பாளர்கள் வாடகை கட்ட மறுத்தார்கள். சட்டம் அனுமதித்த ஆண்டு உயர்வுக்கும் மேலே ஒரு உயர்வை வீட்டுக் கம்பனி கேட்டிருந்தது. மூன்று மாதத்தில் கம்பனி இறங்கிவந்தது. போராடியவர்கள் குடியிருப்பாளர்கள்தான். ஆனால் வாடகை கட்டாமல் விட்டால் என்ன கடிதம் வரும், அதற்கு எத்தனை நாள் தவணை, எங்கே என்ன சொல்லவேண்டும் என்ற அறிவு அந்தத் தெருவில் ஏற்கெனவே இருந்தது. 1971இலிருந்து அங்கே ஒரு சட்ட நிலையம் இருந்த தெரு அது.

இரண்டு ஆண்டுக்குப் பிறகு, 2019 ஏப்ரல் வரவுசெலவுத் திட்டத்தில் ஒன்ராறியோ அரசு சட்ட உதவிப் பணத்தில் 30 சதவீதத்தை, 13 கோடி 30 இலட்சம் டொலரை, ஒரே நாளில் வெட்டியது. பார்க்டேல் நிலையம் தன் நிதியில் 45 சதவீதத்தை இழந்தது. அதைவிட ஆழமான வெட்டு ஒன்று இருந்தது. அகதி, குடிவரவு வழக்குகளுக்கு மாகாணத்தின் காசு ஒரு சதமும் போகக்கூடாது என்றார்கள். குடிவரவு மத்திய அரசின் அதிகாரம், ஆகவே மத்திய அரசே செலவழிக்கட்டும் என்பது அவர்களின் வாதம். அந்த ஆகஸ்ட்டில் மத்திய அரசு 2 கோடி 57 இலட்சம் டொலர் கொடுத்து அந்த ஆண்டின் ஓட்டையை அடைத்தது. அன்றிலிருந்து இந்தச் சேவையின் உயிர் வேறொரு அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் தொங்குகிறது.

அரசமைப்புச் சட்டப் புத்தகத்தில் அந்த வாதம் சரியாக இருக்கலாம். பொலித்தீன் பையை வைத்து யோசித்துப் பாருங்கள். வெல்ஃபெயர் மாகாணத்தினுடையது, ஸ்பொன்சர் மத்திய அரசினுடையது. வேலைச் சட்டம் மாகாணத்தினுடையது, ஈ.ஐ. மத்திய அரசினுடையது. வாடகைச் சட்டம் மாகாணத்தினுடையது. நான்கு காகிதங்களில் குடிவரவுக் காகிதத்தை மட்டும் வெளியே எடுத்துவிட்டு மற்ற மூன்றுக்கும் ஆலோசனை சொல்லுங்கள் என்று ஒரு சட்டத்தரணியிடம் சொன்னால், அவர் நல்ல மனதோடேயே அந்தப் பெண்ணின் குடும்பத்தைப் பிரித்துவைப்பார். குடிவரவை வெட்டியவர்கள் தாங்கள் வெட்டியது ஒரு பிரிவை என்று நினைத்தார்கள். வெட்டுப்பட்டது மற்ற மூன்றையும் கோத்திருந்த நூல்.

எங்கள் சமூகம் இதை மறக்கக்கூடாத காரணம் ஒன்றுண்டு. இந்த நாட்டில் அகதிக் கோரிக்கையாளரின் வாய்மொழியை நேரில் கேட்காமல் வெறும் கடதாசியை வைத்து முடிவெடுத்த காலம் ஒன்று இருந்தது. 1985 ஏப்ரல் 4ஆம் திகதி ‘சிங்’ வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. கனடிய மண்ணில் நிற்கும் எவருக்கும் உரிமைப் பட்டயத்தின் பாதுகாப்பு உண்டு என்றது. இன்றைய குடிவரவு, அகதிகள் சபை 1989இல் வந்ததும் அதன் தொடர்ச்சிதான். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மீட்கப்பட்டார்கள். 2010 ஆகஸ்டில் ‘சன் சீ’ கப்பலில் வந்திறங்கிய 492 பேரில் பலரும், எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் விமான நிலையத்தில் அகதிக் ‘கேஸ்’ சொன்ன எங்களில் பலரும் சட்டத்தரணி ஒருவர் பக்கத்தில் இருந்ததால்தான் நிலைத்தோம். அவருக்குச் சம்பளம் கொடுத்தது பெரும்பாலும் சட்ட உதவி. இன்று சொந்த வீடும் கடையும் வைத்திருப்பவர்கள் பலர் சட்ட உதவியை ‘புதுசாய் வாறவைக்கு வரிக்காசு’ என்று பேசுவதைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

இன்னொன்றும் வலிக்கிறது. என்னிடம் வரும் கதைகளில் வீட்டுக்காரர் பலவேளை தமிழர். ஏஜென்சியின் வேன் ஓட்டுபவர் தமிழர். வேலைத்தலத்து மேற்பார்வையாளர் பக்கத்து ஊர்க்காரர். கோயிலில் சந்திக்கவேண்டும், சாமத்தியவீட்டில் சந்திக்கவேண்டும். ‘அவையோட கோடு கச்சேரி எண்டு போறதோ’ என்ற தயக்கத்தில் வேலை செய்த சம்பளத்தை விட்டுக்கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். ஒரு முழ எல்லைவேலிக்காகப் பிரக்கிராசியார் வீட்டுப் படியில் தலைமுறைக்கணக்காய் நின்ற ஊரிலிருந்து வந்தவர்கள்தான் நாங்கள். காணிக்காரனாக இருந்தபோது வழக்கு கௌரவமாக இருந்தது. கூலியாளாகவும் குடிக்கூலிக்காரராகவும் ஆனபோது அதுவே வெட்கமாகிவிட்டது. ஊர்ச் சங்கமோ கோயில் பரிபாலன சபையோ இந்த இடத்தில் நடுநிலை வகிக்க முடியாது. நன்கொடைப் பட்டியலில் முதலில் இருப்பவர் வீட்டுக்காரராக இருக்கலாம். தெற்காசியருக்கென்று ஒரு சட்ட நிலையமே ரொறன்ரோவில் இயங்குகிறது, தமிழிலும் உதவுகிறார்கள். அங்கே உங்கள் ஊர் எது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

மொழியைப் பற்றி ஒரு மொழிபெயர்ப்பாளனாகச் சொல்ல எனக்கு உரிமையுண்டு. அகதிகள் சபை விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளரைச் சபையே ஏற்பாடு செய்கிறது. வீட்டு வழக்கில் ஆங்கிலமோ பிரெஞ்சோ தெரியாதவர் தன் மொழிபெயர்ப்பாளரைத் தானே கூட்டிவரவேண்டும். பெருந்தொற்றுக்குப் பிறகு அந்த விசாரணைகள் பெரும்பாலும் காணொளியில் நடக்கின்றன. ஒரு கைபேசித் திரையில், கட்டிலில் உட்கார்ந்தபடி, பன்னிரண்டு வயது மகள் அம்மாவுக்காக மொழிபெயர்க்கிறாள். ‘வெளியேற்றம்’ என்ற சொல்லை அந்தப் பிள்ளை தன் வாயால் அம்மாவிடம் சொல்லவேண்டியிருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு ஒருமுறை இருந்திருக்கிறேன். சட்ட நிலையம் மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுக்கும் காசு நிர்வாகச் செலவு என்று எவராவது சொன்னால் அவரை அந்தக் கட்டிலில் உட்காரவைக்க வேண்டும்.

வருமான உதவியின் கணக்கு இன்னும் குரூரமானது. தனியாள் ஒருவருக்கு ஒன்ராறியோ வெல்ஃபெயர் மாதம் 733 டொலர். அதில் வாடகைக்கென்று 390. 2018இலிருந்து அந்தத் தொகை அசையவில்லை. ரொறன்ரோவில் 390 டொலருக்கு ஒரு அறை கிடைக்குமா என்று இதை வாசிப்பவர்களே சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான ‘ஓ.டி.எஸ்.பி.’ தொகை இதைவிடக் கூடுதல். அதற்கு மருத்துவர் நிரப்பும் படிவம் வேண்டும். நூறு நோயாளர் காத்திருக்கும் குடும்ப மருத்துவர் ‘முதுகு நோ’ என்று இரண்டு சொல்லில் எழுதிவிடுவார். மறுப்புக் கடிதம் வரும். இருபது ஆண்டு தொழிற்சாலையில் பெட்டி தூக்கிய முதுகு அது, சிலவேளை சிறைமுகாமில் அடிபட்ட முதுகு. எத்தனை நிமிடம் நிற்கமுடியும், இரவில் எத்தனை முறை எழும்புகிறார், எதைத் தூக்க முடியாது என்று அந்த மருத்துவரிடமே திரும்பவும் கேட்டு எழுதுவித்து, மறுபரிசீலனைக்கும் பிறகு தீர்ப்பாயத்துக்கும் கொண்டுபோவது சட்ட நிலையத்தின் அன்றாட வேலை. செய்தியாக வராத வேலை.

நிலையங்கள் குறையில்லாதவை என்று சொல்லமாட்டேன். தொலைபேசி எடுத்தால் பலநாள் பதில் இல்லை. முழுநேரம் குறைந்தபட்சச் சம்பளத்தில் வேலை செய்யும் தனியாள்கூடப் பலவேளை வருமான வரம்பைத் தாண்டிவிடுகிறார். திருப்பி அனுப்பப்படுகிறவர் எங்கே போகிறார்? அனுமதிப்பத்திரம் இல்லாமல் மேசை போட்டிருக்கும் ‘கொன்சல்டன்’ ஒருவரிடம். ஆயிரக்கணக்கில் கொடுத்து, பிழையான படிவத்தில் கையெழுத்து வைத்து, இரண்டு ஆண்டுக்குப் பிறகு அதே பொலித்தீன் பையோடு நிலையத்துக்கே திரும்பி வருகிறார். அப்போது தவணை கடந்திருக்கும். சம்பள முறைப்பாட்டுக்கு இரண்டு ஆண்டுதான் எல்லை. வெல்ஃபெயர், ஓ.டி.எஸ்.பி. மறுப்பை எதிர்க்க 30 நாள். வரம்பை உயர்த்துவதும் ஆட்களைக் கூட்டுவதும் மாகாண அரசின் கையில் இருக்கிறது. குடிவரவு வழக்குகளுக்கான பணத்தை மாகாணமும் மீண்டும் ஏற்கவேண்டும். வெல்ஃபெயர் விதியை எழுதுகிறவர்கள் அந்த விதி ஸ்பொன்சரில் போய் இடிக்கும்போது அது எங்கள் அலுவல் அல்ல என்று சொல்ல முடியாது.

எங்கள் கையிலும் ஒன்று இருக்கிறது. சட்ட நிலையங்கள் ஆண்டுதோறும் பொதுக்கூட்டம் வைக்கின்றன. அந்தப் பகுதியில் வாழ்கிறவர்கள் உறுப்பினராகலாம், நிர்வாக சபைக்கு வாக்களிக்கலாம், போட்டியிடலாம். எந்த மொழியில் ஆள் வைப்பது, குடிவரவு அலுவலைத் தொடர்வதா விடுவதா என்று முடிவெடுக்கும் சபை அது. எங்கள் ஊர் ஒன்றுகூடலுக்கு மண்டபம் நிறைய ஆள் வருகிறது. நான் கடைசியாகப் போன சட்ட நிலையப் பொதுக்கூட்டத்தில் நாற்பது கதிரை போட்டிருந்தார்கள். தமிழர் மூன்று பேர். அந்தப் பொலித்தீன் பைப் பெண் இரண்டாவது வரிசையில் இருந்தார், பக்கத்தில் அவருடைய கணவர். வாக்குச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “அண்ணை, இதில எத்தினை பேருக்குப் புள்ளடி போடலாம்?” என்று என்னைக் கேட்டார்.